நாளைய பாலை இன்று எடுங்கள்: வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பம்ப், பாட்டில், ஃப்ரிட்ஜ் கணக்கு

பிரசவ விடுப்பு முடியப்போகிறது என்றதும் பல தாய்மாருக்கு முதலில் பிடிப்பது ஃப்ரீசர் பயம். லிட்டர் லிட்டராகப் பால் சேர்த்து வைத்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவ்வளவு தேவையே இல்லை. முதல் நாளுக்கு வேண்டிய பாலும், சிந்திவிட்டாலோ வீடு திரும்பத் தாமதமானாலோ கைகொடுக்க ஒன்றிரண்டு பாட்டில் கூடுதலாகவும் இருந்தால் போதும். முதல் நாள் வேலையிடத்தில் எடுக்கும் பால் இரண்டாம் நாளுக்கு, இரண்டாம் நாள் எடுப்பது மூன்றாம் நாளுக்கு. இந்தச் சுழற்சி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனம் வேண்டும்.

இங்கே சொல்லியிருப்பதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்கு. குறைமாதக் குழந்தைக்கும் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கும் விதிகள் இன்னும் கடுமை. அங்கே சொல்லும் முறையையே பின்பற்றுங்கள்.

எவ்வளவு பால் வேண்டும்

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. 570 மில்லியோடு திருப்தியாகிற குழந்தையும் உண்டு, 900 கேட்கிற குழந்தையும் உண்டு. குழந்தை வளர்ந்துகொண்டே போனாலும் இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை, ஏனென்றால் முதல் வாரங்களில் இருந்த வளர்ச்சி வேகம் பிறகு மெல்லக் குறைகிறது. மாதம் ஏற ஏற பாட்டில் அளவையும் ஏற்ற வேண்டும் என்பது பவுடர் பால் டப்பாவின் கணக்கு. அதைத் தாய்ப்பாலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பால் போதவில்லை என்று கலங்குகிறவர்கள் ஏராளம்.

24 மணி நேரத்துக்கு 750 என்றால், பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 40 மில்லி. ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் 270 முதல் 360 மில்லி. இதை 90 முதல் 120 மில்லி வீதம் மூன்று பாட்டிலாக வையுங்கள். கூடவே 30, 60 மில்லியில் ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கட்டும். குழந்தை இன்னும் கொஞ்சம் கேட்டால் அதைப் பிரிக்கலாம். பெரிய பாட்டிலில் 180 மில்லி ஊற்றி வைத்தால் மீந்ததைக் கொட்ட வேண்டி வரும். கஷ்டப்பட்டு எடுத்த பால் வடிகாலில் போவதைப் பார்ப்பது யாருக்கும் எளிதல்ல.

எப்போது தொடங்குவது

தேவையில்லாமல் முதல் வாரங்களிலேயே பம்பை எடுக்காதீர்கள். குழந்தை குடிப்பதற்கு மேல் பாலை எடுத்துக்கொண்டே இருந்தால், உடல் இரட்டைக் குழந்தை இருப்பதாக எண்ணிச் சுரந்து தள்ளும். பிறகு பால் கட்டிக்கொண்டு வலிக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பாலூட்டல் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். அதன் பிறகு, வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் தாராளம்.

பெரும்பாலானவர்களுக்கு விடிகாலையில்தான் பால் அதிகம். காலை முதல் முறை ஊட்டி முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை பம்ப் செய்யுங்கள். தொடக்கத்தில் 30 மில்லி கிடைத்தாலே நல்ல வரவு. குழந்தை குடித்து முடித்த பிறகு வருவது அவ்வளவுதான். தினம் ஒருமுறை என்று இரண்டு வாரம் எடுத்தால் முதல் நாள் தேவை சேர்ந்துவிடும்.

பம்பைப் பொருத்துவது

மார்பில் பொருத்தும் புனலின் குழாய் அளவு சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பும் வீண்தான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர் புனல். நிறையப் பேருக்கு இது பெரிது. காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை அளந்து பாருங்கள்; சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்காதீர்கள். அந்த அளவோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டிப் பார்ப்பது நல்ல தொடக்கம். இரண்டு மார்புக்கும் அளவு வேறாக இருக்கலாம். காம்பு குழாயின் சுவரில் உரசினால், எடுத்து முடித்ததும் வெளுத்துப் போயிருந்தால் புனல் சிறிது. கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. புதிதாகப் புனல் வாங்காமல் உள்ளே செருகும் சிலிக்கான் வளையங்களால் அளவைக் குறைத்தும் பார்க்கலாம்.

அடுத்து கவனிக்க வேண்டியது வால்வு. பாட்டிலின் கழுத்துக்கு மேலே, வாத்து அலகு போல இரண்டு உதடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு சிலிக்கான் துண்டுதான். தினம் பல முறை பம்ப் செய்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே இது தளர்ந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: அழுத்தாமலே உதடுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தால் உறிஞ்சும் விசை குறைந்துவிட்டது என்று அர்த்தம். திடீரென்று பால் பாதியாகிவிட்டால் உடம்பைக் குறை சொல்லும் முன் இந்த வால்வை மாற்றிப் பாருங்கள். கழுவும்போது இதற்குள் பிரஷை விட்டுத் தேய்த்தால் கிழிந்துவிடும். விரலால் சோப்பு நீரில் அலசினால் போதும். பையில் எப்போதும் ஒரு உதிரி வால்வு இருக்கட்டும்.

எடுக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டு உட்காருங்கள். முதுகுக்குச் சாய்வு வேண்டும். பாட்டிலுக்குள் பால் விழ வேண்டுமே என்று முன்னால் குனிந்தபடி இருந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். புனலின் உள்விளிம்பில் ஒரு துளி தாய்ப்பாலையோ தண்ணீரையோ தடவினால் காற்றுப் புகாமல் ஒட்டும்.

மின்சாரப் பம்பில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் வேகமான, லேசான உறிஞ்சல். குழந்தை வாய் வைத்ததும் படபடவென்று சப்புவது போல. பால் இறங்கத் தொடங்கியதும், அதாவது சொட்டிக்கொண்டிருந்தது கோடாகப் பீய்ச்சியதும், மெதுவான ஆழமான உறிஞ்சலுக்கு மாற்றுங்கள். விசையைப் படிப்படியாக ஏற்றி, கொஞ்சம் அசௌகரியம் தோன்றியதும் ஒரு படி குறைத்து அங்கேயே நிறுத்துங்கள். விசை கூடினால் பால் கூடும் என்பது தவறு. வலித்தால் பால் இறங்குவதே தடைபடும், காம்பும் புண்ணாகும்.

பால் இறங்கவைப்பது ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன். அது பதற்றத்தில் பின்வாங்கும், குழந்தையின் நினைப்பில் முன்வரும். குழந்தையின் காணொளியைப் பார்ப்பது, அதன் உடுப்பை முகர்வது, ஒரு நிமிடம் மார்பை லேசாகத் தடவிக்கொடுப்பது எல்லாமே பலன் தரும். பாட்டிலில் எத்தனை கோடு ஏறியது என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கெடுதல்; பாட்டில் மேல் ஒரு துணியையோ காலுறையையோ மாட்டிவிடுங்கள்.

ஓட்டம் சொட்டாகக் குறைந்தபின் இன்னும் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் சிலருக்கு இரண்டாம் முறையும் பால் இறங்கும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம். பம்பை அணைத்ததும் கையால் கடைசிச் சில மில்லியைப் பீய்ச்சிவிடுங்கள். காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி மேலே பெருவிரல், கீழே இரண்டு விரல் என்று வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் பின்னோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுங்கள். தோல் மேல் விரல் வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. அமுக்கும் இடத்தைக் கடிகார முள் போலச் சுற்றிச் சுற்றி மாற்றுங்கள். கடைசியில் வரும் இந்தப் பாலில்தான் கொழுப்பு அதிகம். கையால் எடுக்கத் தெரிந்துவைத்திருந்தால் பம்ப் பழுதான நாளிலும் மின்சாரம் போன நாளிலும் தவிக்க வேண்டாம்.

வேலை நாளின் அட்டவணை

காலை ஆறு மணிக்கு ஒருமுறை, கிளம்பும் முன் எட்டேகாலுக்கு ஒருமுறை நேராக ஊட்டுங்கள். வேலையிடத்தில் பதினொன்று, இரண்டு, நாலரை. வீடு திரும்பியதும் நேராக மார்பில். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் முழு பாட்டிலைக் கொடுத்துவிட வேண்டாம் என்று குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவையுங்கள். பசி பொறுக்கவில்லையென்றால் அந்த 30 மில்லிப் பொட்டலம் இருக்கிறது.

மூன்று மணி நேர இடைவெளிக்குக் காரணம் உண்டு. மார்பு நெடுநேரம் நிறைந்தே இருந்தால், இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது என்று உடல் சுரப்பைக் குறைத்துவிடும். ஒருநாள் கூட்டம் நீண்டு ஒரு முறை தவறினால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாரம் முழுக்க இரண்டு மணிக்கான முறை தவறினால் அடுத்த வாரம் அளவு குறைந்திருக்கும். அரை மணி கிடைக்காத நாளில் ஏழு நிமிடம் எடுத்தாலும் அது கணக்கில் சேரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

கதவைத் தாழிடக்கூடிய, சுத்தமான ஒரு அறையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை இதற்கான இடமே இல்லை. கூட்டத்தின் நடுவே பால் கசிவதுபோல் உணர்ந்தால், கைகட்டிக்கொள்வது போல வைத்து உள்ளங்கையால் காம்பை நெஞ்சோடு அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

எதில், எத்தனை நேரம் வைப்பது

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் 4 மணி நேரம் இருக்கலாம். கொளுத்தும் வெயில் நாளில் அறை அதைத் தாண்டிவிடும் என்பதால், எடுத்த கையோடு குளிரில் வைப்பதே பழக்கமாகட்டும். உறைந்த ஐஸ் பேக் உள்ள காப்புப் பையில் 24 மணி நேரம் தாங்கும். 4 டிகிரியில் இருக்கும் ஃப்ரிட்ஜில் 4 நாள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது, பன்னிரண்டு மாதம் வரை ஏற்கலாம். சிறிய ஃப்ரிட்ஜுக்குள்ளேயே பெட்டி போல இருக்கும் ஐஸ் அறை அவ்வளவு குளிராது. அதை நம்பி மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் வைக்க வேண்டாம். திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும். பின்பக்கச் சுவரை ஒட்டிய இடம்தான் குளிர்ச்சி நிலையாக இருக்கும் இடம். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். காப்பகத்துக்கு அனுப்புவதென்றால் குழந்தையின் பெயரும் வேண்டும்.

தாய்ப்பால் சேமிக்கவென்றே விற்கும் பையில் உறைய வைத்தால் இடம் குறைவு. ஆனால் பையில் அச்சிட்ட மில்லிக் கோட்டை நம்பாதீர்கள், பை உப்புவதைப் பொறுத்து அளவு மாறும். பாட்டிலில் அளந்துவிட்டு ஊற்றுங்கள். மேலே இரண்டரை சென்டிமீட்டர் இடம் விட்டு, காற்றை வெளியேற்றி, தட்டில் படுக்கவைத்து உறையவிடுங்கள். உறைந்தபின் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம், பழையது முன்னால் வரும்படி. தட்டையாக உறைந்தது சீக்கிரம் இளகவும் செய்யும்.

காலையில் எடுத்ததையும் மதியம் எடுத்ததையும் சேர்க்கலாம், ஆனால் வெதுவெதுப்பான புதுப் பாலைக் குளிர்ந்த பால்மேல் ஊற்றாதீர்கள்; அதையும் குளிரவிட்டு பிறகு சேருங்கள். சேர்த்த பாட்டிலுக்குப் பழைய பாலின் நேரமே கணக்கு.

பால் நீலம் பாய்ந்தும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும். வைத்தால் மேலே கொழுப்பு பிரிந்து நிற்கும். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இதெல்லாம் இயல்பு. உறைந்து இளகிய பாலில் சோப்பு வாடை வந்தால் அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை. பல குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்துவிடும், சில குழந்தைகள் துப்பிவிடும். ஃப்ரீசரை நிரப்பும் முன் ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறையவைத்து, இளக்கி, குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். குடிக்க மறுத்தால், இனி எடுப்பதைப் புதிதாக இருக்கும்போதே அடுப்பில் வைத்து, ஓரத்தில் குமிழி வந்ததும், கொதிக்கும் முன் இறக்கி, ஐஸ் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து உறையவையுங்கள். இதில் சில சத்தும் நோயெதிர்ப்புப் பொருளும் குறையும் என்பதால் அவசியமிருந்தால் மட்டும் செய்யுங்கள். புளித்த, கெட்ட வாடை அடித்தால் அது வேறு, கொட்டிவிடுங்கள்.

இளக்குவது, சூடாக்குவது

முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். முழுவதும் இளகிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. அவசரமென்றால் குழாயில் வெதுவெதுப்பான நீரை ஓடவிட்டு அதில் பிடிக்கலாம். இளகிய பாலை வெளியே வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மறுபடி உறையவைக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜ் பாலைச் சில்லென்றே குடிக்கும் குழந்தைகள் உண்டு, அதில் தவறில்லை. சூடு வேண்டுமென்றால் வெந்நீர் உள்ள கிண்ணத்தில் பாட்டிலைச் சில நிமிடம் நிறுத்திவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடே தெரியக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். பாட்டில் தொட இளஞ்சூடாக இருக்கும்போதே உள்ளே ஓரிடத்தில் வாயைப் பொசுக்கும் சூடு இருக்கும். குழந்தை வாய் வைத்து மீந்த பால், குடித்து முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.

பாட்டில் கொடுப்பவர் அறிய வேண்டியது

இந்தப் பகுதியை அம்மா படிப்பதைவிட, பகலில் குழந்தையை வைத்திருப்பவர் படிப்பதே பயன். பாட்டிலில் பால் தானாக இறங்கும். குழந்தை நிறுத்த நினைத்தாலும் விழுங்கியாக வேண்டும். அதனால்தான் தேவைக்கு மேல் குடித்துக் கக்குகிறது. மிக மெதுவான ஓட்டமுள்ள நிப்பிளைப் போடுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துத் தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடியுங்கள். நிப்பிளை வாயில் திணிக்காமல் மேலுதட்டில் தொட்டுக் காட்டினால் அதுவே வாய் திறந்து வாங்கும். பாட்டிலைத் தரைக்கு இணையாக, நிப்பிளில் பாதி பால் நிற்கும்படி பிடித்தால் சப்பினால்தான் வரும். பத்திருபது விழுங்கலுக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுவிட இடைவெளி கொடுங்கள். ஒரு பாட்டில் முடிய 15, 20 நிமிடம் ஆவது சரியான வேகம். தலையைத் திருப்பினால், கை விரிந்து தளர்ந்தால் போதும் என்று பொருள். மிச்சமிருக்கும் 20 மில்லியைக் காலி செய்ய வைக்கக் கூடாது.

பாட்டிலையே தொடாத குழந்தைக்கு: பசி உச்சத்தில் இருக்கும்போது முயலாதீர்கள், அரைப்பசி நேரமே நல்லது. அம்மா அறையில் இல்லாமல் வேறொருவர் கொடுக்கட்டும். மடியில் வைத்துக் கொடுத்து மறுத்தால் தோளில் வைத்து நடந்துகொண்டே கொடுத்துப் பாருங்கள். நிப்பிளை வெதுவெதுப்பாக்குவதும் வேறு வடிவ நிப்பிளும் சிலருக்கு உதவும். ஒன்றுமே பலிக்கவில்லையென்றால் சிறு கப்பிலோ பாலாடையிலோ கொடுக்கலாம். பிறந்த குழந்தைகூட நக்கிக் குடிக்கும். அப்போது பாலை வாயில் ஊற்றாமல் உதட்டில் படும்படி சாய்த்தால் போதும். சில குழந்தைகள் பகலில் பேருக்குக் குடித்துவிட்டு இரவெல்லாம் அம்மாவிடம் ஈடுகட்டும். சிறுநீர் சரியாகப் போய், எடையும் ஏறினால் கவலை இல்லை. அம்மாவின் தூக்கம்தான் கெடும்.

கழுவுவது

பால் பட்ட ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி முதலில் சாதாரண நீரில் அலசுங்கள். பிறகு இதற்கென்றே வைத்த பேசினில் வெந்நீரும் சோப்பும் விட்டு, வால்வை விரலாலும் மற்றவற்றைத் தனி பிரஷாலும் தேய்த்துக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் நேராகப் போட்டால் அங்குள்ள கிருமி ஒட்டும். துண்டால் துடைக்காமல் சுத்தமான துணிமேல் காற்றிலேயே காயவிடுங்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை தினம் ஒருமுறை, பிரித்த பாகங்களை நீரில் மூழ்கவைத்து 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். காற்றுக் குழாயில் நீராவி படிந்தால் பால் எடுத்தபின் வெறும் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும்; உள்ளே பூஞ்சை தெரிந்தால் குழாயையே மாற்றுங்கள்.

பால் குறைந்தால், கட்டினால்

வால்வையும் புனலையும் பார்த்தாயிற்று, இடைவெளியும் சரி என்றால் வேறு காரணங்களைத் தேடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் குறைவது உண்டு, தானே சரியாகும். மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் சுரப்பைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் குறைக்கலாம். மருத்துவரிடம் வேறு கேளுங்கள். விடுமுறை நாளில் பம்பை ஓரங்கட்டிவிட்டுக் குழந்தை கேட்கும்போதெல்லாம் நேராகக் கொடுப்பதுதான் சுரப்பை மீட்க எளிய வழி.

மார்பில் ஓரிடம் சிவந்து கல் போலாகி வலித்தால் அழுத்தித் தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள். உள்ளே வீக்கம் கூடி நிலைமை மோசமாகும். காலியாக்குகிறேன் என்று மேலும் மேலும் பம்ப் செய்வதும் அப்படித்தான். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, வழக்கமான நேரத்துக்கு ஊட்டுங்கள். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தாலோ, ஒரு நாளில் தணியாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். ஊட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

பம்பைக் குறைப்பது

ஆறு மாதத்துக்குப் பின் திட உணவு ஏற ஏறப் பகல் பாட்டில் மெல்லக் குறையும். ஒரு வருடம் நெருங்கும்போது வேலையிடத்தில் எடுப்பதை விட்டுவிடலாம், ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டும். முதலில் இரண்டு மணிக்கான முறையை விட்டு, பதினொன்றை நண்பகலுக்கும் நாலரையை நாலுக்கும் நகர்த்துங்கள். நான்கைந்து நாள் மார்பு கனக்காமல் இருந்தால் அடுத்ததை விடுங்கள். இடையில் இறுக்கம் தாங்க முடியாவிட்டால் வலி தணிகிற அளவு மட்டும் கையால் பீய்ச்சி எடுங்கள், முழுவதும் எடுத்தால் மறுபடி அதே அளவு சுரக்கும். காலையிலும் மாலையிலும் இரவிலும் நேராக ஊட்டுவது இதனால் பாதிக்கப்படாது. குழந்தையும் நீங்களும் விரும்பும்வரை அது தொடரலாம்.